எழும்பாத படகு

சிப்பிமேட்டுக் குப்பத்தில் சுற்றுலாப் படகுகளுக்கு வரிசை உண்டு. டீக்கடைச் சுவரில் பதினான்கு பெயர்களைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொருவராகப் போக வேண்டும். கடைசிப் பெயர் முடிந்தால் மறுபடி முதலில் இருந்து. வந்த கூட்டம் பெரிதா சிறிதா, காரில் வந்ததா பஸ்ஸில் வந்ததா என்று பார்த்துப் பொறுக்கிக்கொள்கிற பேச்சே கிடையாது. வரிசையை மீறினால் ஏரி தண்டிக்கும், கடல் பொங்கும் என்றெல்லாம் யாரும் பயமுறுத்த மாட்டார்கள். சங்கச் செயலாளர் அன்புராஜின் வாய் ஒன்றே போதும். அதில் விழுந்து எழுந்தவன் ஒரு வாரத்துக்கு டீக்கடைப் பக்கம் வரமாட்டான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் குப்பம் தாங்காது. பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும் காலம். அவற்றைப் பார்க்கவும், முகத்துவாரத்து மணலில் கால் நனைக்கவும், டச்சுக்காரர்களின் கல்லறையில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளவும், கடைசியில் நண்டு வறுவலைத் தின்றுவிட்டுக் கையை மோந்து பார்த்துக்கொண்டே வீடு திரும்பவும் எங்கெங்கிருந்தோ வருவார்கள். அன்று காலை ஒன்பதரைக்குள் ஆறு படகுகள் போய்விட்டன. ஏழாவது பெயர் கலியன். எட்டாவது பெயர் ரகு.

ஏழுக்கும் எட்டுக்கும் படகு ஒன்றுதான். கலியனும் ரகுவும் கூட்டாக வாங்கிய ஃபைபர் படகு. ஆள் இரண்டு என்பதால் முறையும் இரண்டு. கலியன் ஏரியோடு போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குச் சிப்பிமேட்டில் கருமாதி செய்வதில்லை, சுவரில் பெயரை அழிப்பதும் இல்லை. அவன் முறை வரும்போது அவன் வீட்டுக்காரி, அவன் படகு தள்ளிய கழியைக் கொண்டுவந்து கரையோரத் தண்ணீரில் நட்டு வைப்பாள். அரை மணி நேரம் எந்தப் படகும் புறப்படாது. பிறகு அவள் கழியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அன்புராஜ் அடுத்த பெயரைக் கூப்பிடுவார். வெளியூர்க்காரர்களிடம் ‘கொஞ்சம் லேட்டாகும் சார்’ என்பதற்கு மேல் யாரும் எதையும் விளக்குவதில்லை.

அந்த அரை மணி நேரம்தான் ரகுவுக்கு எமன். அடுத்த முறை அவனுடையது. அதனால் கலியனின் மனைவி கல்பனாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்கு வைத்திருப்பான். டீசல் வாங்கப் போகிறேன் என்பான், மீஞ்சூரில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பான். முப்பத்திரண்டு பல்லும் கல் மாதிரி இருப்பவன், இந்தப் பதினான்கு மாதத்தில் எட்டுத் தடவை பல் டாக்டரிடம் போயிருக்கிறான். ஊரும் பாவம், கூட்டாளியை இழந்த துக்கம் தாங்காமல் ஒதுங்கிப் போகிறான் என்றே நம்பியது.

அன்றைக்குச் சாக்குச் சொல்ல முடியாமல் போயிற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து எட்டுப் பேர் வேன் பிடித்து வந்து இறங்கி நேராக அவன் படகைச் சுற்றிக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவன் தானியேல் என்ற ஆள், ஓர் இரும்பு ஆலையில் லாரி எடைமேடையில் வேலை செய்கிறவன். அவன் மனைவி கிரேஸ், அவளுடைய தங்கைகள் இரண்டு பேர், தானியேலோடு வேலை பார்க்கும் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார். வாரம் ஆறு நாள் இரும்புத் தூசியைத் தின்கிறவர்களுக்கு ஒரு நாள் காற்று வாங்க வந்த சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்போது தெருமுனையில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கல்பனா வருவது ரகுவின் கண்ணில் பட்டது.

“ஏறுங்க, ஏறுங்க. போலாம்,” என்றான்.

அன்புராஜ் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏ ரகு, இன்னா அவசரம்? இப்ப கலியன் முறைடா. அந்தப் பொண்ணு வந்துக்கினு கீது பாரு. நட்டு எடுக்கட்டும், அரை அவர் பொறு.”

“பார்ட்டி நிக்க மாட்டேங்குதுணா. வெயில் ஏறிடும்னு பேஜாரு பண்றாங்க.”

இது சுத்தப் பொய். தானியேல் அப்போதுதான் ஒரு டீ அடிக்கலாமா என்று கேட்டிருந்தான்.

“அடுத்தவன் முறையில போவாதடா. அவன் போட்டுடா இது இப்போ.”

“என் போட்டுந்தாண்ணா,” என்று சொல்லிவிட்டு ரகு படகைத் தள்ளினான். நகரவில்லை. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கையால் தள்ளிவிடக்கூடிய படகு அது. தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, தானியேலும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து தள்ளியபிறகுதான் தண்ணீருக்கு வந்தது. அதற்குள் கல்பனா இருபதடி தூரத்தில் வந்து நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து ரகு குனிந்துகொண்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. படகின் முன்பக்கப் பலகையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, புடவையைச் சற்றே தூக்கிச் செருகி, தண்ணீரில் இறங்கிக் கழியை நட்டாள்.

படகின் வெளிப்பக்கத்தில் சுற்றிலும் ஒரு நீலப் பட்டை அடித்திருக்கும். எட்டுப் பேர் ஏறினால் பட்டையின் கீழ் ஓரம்தான் நனைய வேண்டும். ஆட்கள் எல்லோரும் ஏறி முடித்தபோது பட்டை முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது.

“அண்ணே, நான் எடைமேடைல கீறவன். லாரி உள்ள வரும்போதே சொல்லிடுவேன், இத்தினி டன்னு,” என்றான் தானியேல். “உன் போட்டு இன்னாணே, இந்தக் குந்து குந்துது? நாங்க அவ்ளோ வெயிட்டா?”

“உன் தொப்பைய வெச்சிக்கினு இத நீ கேக்குற,” என்றாள் கிரேஸ். எல்லோரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்து வைத்தான்.

எஞ்சின் இழுத்தது; ஆனால் சுமை ஏற்றிய மாடு மாதிரி முக்கி முக்கி இழுத்தது. காற்றே இல்லை. ஏரி தகடு போட்டாற்போலக் கிடந்தது. அந்த மாதிரி நாளில் பழவேற்காட்டு ஏரியில் குரல் வெகுதூரம் போகும். அரைக் கல் தொலைவுக்கு வந்தபிறகும் டீக்கடையில் யாரோ “சர்க்கரை கம்மியா” என்று சொன்னது பக்கத்தில் சொன்னதுபோலக் கேட்டது. கிரேஸின் தங்கைகள் அதைக் கேட்டு வியந்துபோனார்கள். ரகு வியக்கவில்லை, ஏனென்றால் ஏரியிலிருந்து ஒரு நாள் கரைக்குக் கேட்ட குரலைப் பொய் என்று ஊர் நம்புவதில்தான் அவன் பிழைப்பே இருந்தது.

நடந்தது இதுதான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் கார்த்திகை மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், இதே படகில் கலியனும் ரகுவும் சென்னைக்காரர்கள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வானம் திடீரென்று கறுத்தது. நண்டுத்திட்டு என்கிற மேட்டில் படகு தட்டி நின்றது. அந்தத் திட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் முழங்கால் தண்ணீர், மறுபக்கம் ஆளை விழுங்கும் சேறு. கலியன் இறங்கித் தள்ளினான். படகு விடுபட்ட அதே நேரத்தில் இடி இறங்கியது. ஏறியிருந்தவர்கள் அலறினார்கள். ரகு எஞ்சினை முடுக்கினான். பின்னால் கலியன் “நில்லு ரகு, நில்லு!” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. இவர்களைக் கரையில் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தால் நிறுத்தவேண்டி வருமே என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்தபோது சூறை பிடித்துக்கொண்டது. ஒரு படகும் இறங்க முடியாது. ‘கலியன் எங்கடா’ என்று அன்புராஜ் கேட்டார். தள்ள இறங்கினவன் ஏறாமல் படகை எடுக்கக் கூடாது என்பது சிப்பிமேட்டில் குழந்தைக்கும் தெரிந்த விதி. அதை மீறினவனுக்குக் குப்பத்தில் பச்சைத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. ரகுவின் வாய் தானாகவே சொன்னது: “முகத்துவாரத்துல அலை அடிச்சிதுணா. தவறி உயுந்துட்டாரு.” ஏறி வந்த சென்னைக்காரர்கள் அதற்குள் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தார்கள். சூறை ஓய்ந்தபின் ஊரே முகத்துவாரத்துக்குப் போய் இரண்டு நாள் தேடியது. நண்டுத்திட்டு அங்கிருந்து மூன்று கல் தூரம்.

கல்பனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அன்று கரையில் நின்றிருந்தாள். சூறை சற்றே இறங்கின நேரத்தில் தன் புருஷன் குரல் திட்டுப் பக்கமிருந்து கேட்டது என்றாள். ஒரு தடவை இல்லை, வெகுநேரம் கேட்டது என்றாள். ‘காத்து சத்தம்மா’ என்றார்கள். ‘துக்கத்துல அப்டித்தான் இருக்கும்’ என்றார்கள். திட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினாள். கடைசியில் ரகுவிடமே வந்து, “தம்பி, நீ கூட இருந்தவன். நீ சொல்லு, அவரு திட்டுல இல்லியா?” என்று கேட்டாள். “இல்ல அண்ணி. உனக்குப் பிரமை,” என்றான் ரகு. அந்த வார்த்தையைத்தான் அவனால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதன்பிறகு ஊர் அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் எல்லோரும் மெதுவாகத் தலையாட்டப் பழகிக்கொண்டார்கள். பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்பதுகூடத் தெரியாமல் அவள் பதினான்கு மாதமாகக் கழியை நட்டுப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

வெகுநேரம் கேட்டது என்றாளே, அது எவ்வளவு நேரம்? ரகு தினமும் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

“இன்னாங்க, இந்தப் பலகைல யாரு தண்ணி ஊத்துனது?” என்றாள் கிரேஸ்.

முன்பலகையில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலேயே எட்டுப் பேரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். தன் பையிலிருந்து துண்டை எடுத்துப் பலகையை அழுத்தித் துடைத்தாள். துடைத்த கை எடுக்குமுன் பலகை மறுபடி நனைந்து கறுத்தது. அவள் துண்டைப் பிழிந்தாள், இன்னொரு முறை துடைத்தாள். பிறகு துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த சிலுவையை வாயில் கவ்விக்கொண்டு தானியேலின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ரகு எஞ்சினைப் பார்த்துக்கொண்டான்.

சற்று தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன. வெயிலில் வெளுத்த ரோஜா நிறப் பட்டுத்துணி போல நூற்றுக்கணக்கில் நின்றன. அவை நின்ற இடம் நண்டுத்திட்டு. பதினான்கு மாதமாக ரகு அந்தப் பக்கம் படகை விட்டதே இல்லை. ஆழக் கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். ‘பக்கத்துல போணே, பக்கத்துல போணே’ என்று பெண்கள் கெஞ்சினார்கள். அவன் கால்வாய்ப் பக்கம் திருப்பத்தான் பார்த்தான். கைப்பிடி திரும்பியது. படகு திரும்பவில்லை.

சாதாரணமாகப் பூநாரைகள் ஒரு கூப்பிடு தூரத்துக்குப் படகு வந்ததுமே எழும்பிவிடும். எழும்புவதைப் பார்க்கத்தானே ஜனங்கள் வருகிறார்கள். அன்று ஒரு பறவைகூட எழும்பவில்லை. படகு அருகே வர வர, இரண்டு பக்கமும் நடந்து ஒதுங்கி வழி விட்டன. தேரோட்டத்தில் ஜனங்கள் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கின. ஒரு சத்தம் இல்லை. எல்லாக் கழுத்துகளும் படகின் முன்பலகைப் பக்கம் திரும்பியிருந்தன.

“ஐய, இன்னா சூப்பரா போஸ் குடுக்குது,” என்று செல்போனில் படம் எடுத்தாள் ஒரு தங்கை. கிரேஸ் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

படகு தட்டி நின்றது.

தண்ணீர் குறைவாக இருந்தது. அரை மணி பொறுத்து வந்திருந்தால் கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏறியிருக்கும். படகு தட்டாமல் மிதந்து போயிருக்கும். ஒரு பெண்ணின் முகத்துக்குப் பயந்து, முறை இல்லாத நேரத்தில் படகை எடுத்ததற்குக் கிடைத்த பலன் இது என்று ரகு தன்னையே திட்டிக்கொண்டான். எஞ்சினைத் தூக்கி வைத்தான். இனி ஆட்கள் இறங்க வேண்டும். திட்டில் தட்டினால் எல்லோரையும் இறக்கிவிட்டு, சுமை குறைந்து படகு மேலே வந்ததும் கழியால் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். வருகிறவர்களுக்கும் இதுதான் பெரிய விளையாட்டு. ஏரி நடுவில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம் என்று ஊரில் போய்ச் சொல்லலாம் அல்லவா?

“எல்லாம் இந்தப் பக்கம் எறங்குங்க. பயப்படாதீங்க, மணலுதான். போட்டப் புடிச்சிக்கினே நடங்க.”

கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். எட்டுப் பேரும் இறங்கியாயிற்று. ரகு கழியை ஊன்றினான். படகு அசையவில்லை. தானியேல் படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பிறகு குனிந்து நீலப் பட்டையைப் பார்த்தான். அது தண்ணீருக்குள்ளேயே இருந்தது. தானியேலின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

“அண்ணே,” என்றான் தணிந்த குரலில். “எட்டு ஆளு எறங்கிட்டோம். ஐநூறு கிலோக்கு மேல. லோடு எறக்கினா வண்டி எழும்பணும்ணே. காலி லாரி எழும்பாம நான் பாத்ததே இல்ல. இது எழும்பலியே.”

“மணல்ல மாட்டிக்கினு கீது.”

“அடில மணலு இல்லணே. நான் காலு உட்டுப் பாத்தேன். மெதக்குது. மெதந்துக்கினே குந்தினு கீது.” அவன் முன்பலகையைப் பார்த்தான். பலகையிலிருந்து தண்ணீர் ஒரு ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. “உள்ள யாருணே இருக்குறது?”

பயம் என்றால் இதுதான் பயம் என்று ரகுவுக்கு அப்போது புரிந்தது. போலீசுக்கும் அன்புராஜின் வாய்க்கும் இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. “ஏறுங்க!” என்று கத்தினான். “எல்லாம் மேல ஏறுங்க மொதல்ல!”

அவன் குரலைக் கேட்டே எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். கிரேஸ் ஏதோ ஜெபம் முணுமுணுக்கத் தொடங்கினாள். ரகு கழியை முழு பலத்தோடு ஊன்றி அழுத்தினான். கழி வளைந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கிழக்கே முகத்துவாரத்துப் பக்கமிருந்து தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஏறி வருவது தெரிந்தது. தண்ணீர் ஏறினால் படகு கிளம்ப வேண்டும். இந்தப் பாரத்தோடு படகு கிளம்புமா, தண்ணீர்தான் உள்ளே வருமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பட்டைக்கு மேலே நாலு விரல்கடைதான் பாக்கி இருந்தது.

“நான் எறங்கித் தள்றேன்ணே,” என்று தானியேல் காலைத் தூக்கினான்.

“வேணாம்!” ரகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். “நீ எறங்காத. யாரும் எறங்காதீங்க.” இன்னொருவனை இந்தத் திட்டில் இறக்கிவிட்டுத் தான் படகில் நிற்பது என்பது அவனால் ஆகாத காரியம். அந்த ஒன்றுக்கு மட்டும் அவனிடம் கொஞ்சம் மானம் மிச்சம் இருந்தது.

கழியைப் படகுக்குள் கிடத்தினான். பின்பக்கமாக இறங்கினான். இடுப்புவரை தண்ணீர். படகின் பின்புறத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். தள்ளக்கூட இல்லை, வைத்ததோடு சரி. படகு அவன் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

இரண்டு கையையும் விரித்த நீளம்தான் ஒரு பாகம்; ஒரு பாகம், இரண்டு பாகம், பத்துப் பாகம் போயிற்று. எஞ்சின் தூக்கியபடியே இருந்தது. காற்று இல்லை. கழி உள்ளே கிடந்தது. யாரோ நிதானமாகக் கழி ஊன்றித் தள்ளுவதுபோல, ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம், ஒரு தள்ளு என்று கரைப் பக்கமாகப் படகு போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாளம் ரகுவுக்குத் தெரியும். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு மூச்சு விட்டுத் தள்ளுகிற ஆள் சிப்பிமேட்டில் ஒருத்தன்தான் இருந்தான்.

“நில்லு!” என்று ரகு கத்தினான். “நில்லு! நில்லு!”

கத்திய பிறகுதான் தான் கத்தியது என்ன வார்த்தை என்று உறைத்தது. எட்ட நின்ற பூநாரைகள் அப்போது ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தன.

“நாங்க ஒண்ணும் பண்ணலணே!” தானியேல் அழுகிற குரலில் கூப்பிட்டான். கழியை எடுத்து ஊன்றிப் படகைத் திருப்பப் பார்த்தான். அது அவனைப் பொருட்படுத்தவில்லை. “அதுவா போவுதுணே! நீ நீஞ்சி வாணே!”

ரகு காலை எடுத்து வைத்தான். காலுக்கடியில் மணல் இல்லை. வலது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போயிற்று. இழுக்க இழுக்க உள்ளேதான் வாங்கியது. இடுப்பில் இருந்த தண்ணீர் வயிற்றுக்கு ஏறியது. கலியனும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தெரிந்தது. இடி இடிக்க, மழை கண்ணில் அடிக்க, ஒரு கால் சேற்றில் மாட்டி, படகு போன பக்கமே பார்த்துக்கொண்டு, இதோ வருவான் இதோ வருவான் என்று நின்றிருப்பான். நீந்தத் தெரிந்தவன்தான். கால் வந்திருக்காது. ரகு அழுதான். பதினான்கு மாதத்தில் அவன் கலியனுக்காக அழுவது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அழுததெல்லாம் தனக்காக.

படகு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றது. தட்டி நிற்கவில்லை, தானாக நின்றது. மெதுவாகத் திரும்பி முன்பலகையை அவன் பக்கம் காட்டியது. எட்டுப் பேரும் பின்னால் ஒடுங்கிக் கிடந்தார்கள். முன்னால் யாரும் இல்லை. இருந்தாலும் படகு முன்பக்கமாகவே தாழ்ந்திருந்தது, ஓர் ஆள் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி.

தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. ரகு மூச்சை இழுத்தான்.

“கலியண்ணே! உன்ன இங்கதான்ணே உட்டுட்டுப் போனேன்! முகத்துவாரத்துல இல்ல, இங்க! நண்டுத்திட்டுல!” குரல் உடைந்தது. விடாமல் கத்தினான். “நீ கூப்ட்ட! எனக்குக் கேட்டுச்சி! திரும்பிப் பாக்காம போனேன்ணே! ஊராண்ட பொய் சொன்னேன்! அண்ணி கேட்டது நெசம்! அது பிரமை இல்ல! அண்ணி கேட்டது உன் கொரலுதான்!”

காற்றில்லாத ஏரியின்மேல் அந்தக் குரல் போயிற்று. டீக்கடையில் பாட்டு நின்றது. கரையில் எறும்பு எறும்பாகத் தெரிந்த ஆட்கள் அசையாமல் நின்றார்கள். அன்புராஜ் நிற்கிறார், நண்டு வறுக்கிற பெண்கள் நிற்கிறார்கள், முறைக்காகக் காத்திருந்த படகுக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். பதினான்கு மாதம் தலையாட்டியவர்கள் எல்லோருக்கும் கேட்டிருந்தது. நட்ட கழிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புடவை தண்ணீருக்குள் இறங்கி வந்தது. இடுப்பு அளவு வந்து நின்றது.

கல்பனாவின் குரல் வந்தது. அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

“ரகு! எங்க நிக்கிற, அங்கியே நில்லு! எடத்த உட்டு நவுராத! நான் வர்றேன்!”

ஒரு படகைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. வர எப்படியும் கால் மணி ஆகும். தண்ணீர் கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சேறு விட்டுக்கொடுத்தது. இழுக்காமலேயே வலது கால் வெளியே வந்துவிட்டது. ரகு மிதந்தான். எதிரே படகு நின்றது. இருபது வீச்சு நீந்தினால் தொட்டுவிடலாம். தானியேல் கழியை நீட்டிக்கொண்டு, “வாணே, வாணே, புடிச்சிக்கோ!” என்று கத்திக்கொண்டிருந்தான். ரகு நாலாபக்கமும் பார்த்தான். ஏறிய தண்ணீருக்கடியில் திட்டு மறைந்துவிட்டது. ஒரு செடி இல்லை, ஒரு குச்சி இல்லை, எங்கும் ஒரே தகடாகத் தண்ணீர். இந்த இடத்தை விட்டு நாலு பாகம் போய்விட்டால், இதுதான் இடம் என்று சொல்ல அவனாலும் முடியாது. அவள் வந்து கலியனைத் தேடுவதற்கு ஓர் இடமும் இருக்காது.

அவன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, காலை மறுபடியும் அதே சேற்றுக்குள் இறக்கினான். ஒன்றை இறக்கி, இன்னொன்றையும் இறக்கினான். தலையை அண்ணாந்து வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டான்.

“நவுரல அண்ணி,” என்று கத்தினான். “இங்கதான் நிக்கிறேன். நீ வா.”